பார்த்ததை மட்டும்

பாணேரில் ஓர் அடுக்ககத்தின் நான்காம் மாடியில் வகுப்பு நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. ஐந்து கர்ப்பிணிப் பெண்கள் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார்கள். கணவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அச்சடித்த தாளைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் படித்தார்கள். தோள் தளர்கிறது. தாடை தளர்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் இன்னும் ஆழத்துக்குப் போகிறாய்.

நான்கு பெண்களின் முகம் மாறியது. ஒருத்தி தூங்கியே போனாள். அலினாவும் கண்ணை மூடியிருந்தாள். ஆனால் அவள் கை பாயின் ஓரத்தைப் பிடித்திருந்தது.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியை வைஷாலி அலினாவையும் அவள் கணவன் ஜெரோஷையும் மட்டும் இருக்கச் சொன்னாள். தண்ணீர்த் தொட்டியில், மருந்தில்லாமல், மனதை ஆழ்ந்த அமைதிக்குக் கொண்டுபோய்ப் பிள்ளை பெறும் முறையைச் சொல்லித் தருபவள். ஹிப்னாசிஸ் என்ற சொல்லைக் குறைவாகவே பயன்படுத்துவாள். இந்தியில் பேசினாள். இந்த வகுப்பில் நிதானமான குரல் ஜெரோஷுடையதுதான், பிறகு ஏன் அலினாவால் உள்ளே போக முடியவில்லை என்று கேட்டாள்.

அலினா கணவனைப் பார்க்காமல் சொன்னாள். அந்தக் குரல்தான் காரணம்.

இரண்டு வருடங்களுக்கு முன் முதல் பிரசவம். வேறு ஆஸ்பத்திரி. வலி நீண்டுகொண்டே போய், கடைசியில் அவளை மயக்கிக் குழந்தையை எடுத்தார்கள். ஜெரோஷ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுகைச் சத்தத்துக்குக் காத்திருந்தான். சத்தம் வரவில்லை. டாக்டர் வந்தார். பையன், உயிர் இல்லை என்றார். தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை, இப்போது அவளிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

அவள் விழித்ததும் கேட்டாள். பக்கத்து ரூமில் இருக்கிறான், சூடு வேண்டும் என்று விளக்கின் அடியில் வைத்திருக்கிறார்கள் என்று ஜெரோஷ் சொன்னான். யார் ஜாடை என்று கேட்டாள். உன் ஜாடை என்றான். அது ஒன்றுதான் உண்மை, குழந்தையை அவன் பார்த்திருந்தான். பால் கொடுக்க வேண்டாமா என்றாள். கொண்டுவருவார்கள், தூங்கு என்றான். அவன் குரல் ஓர் இடத்திலும் உடையவில்லை. ஒரு மதியம் முழுக்க அவளுக்கு மகன் இருந்தான். பெயர் வைத்தாள். மாலையில் சொன்னார்கள்.

அதற்காக அவள் அவனைத் திட்டியதில்லை. டாக்டர் சொன்னபடிதான் செய்தான் என்று தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அவன் நிதானமாக எதைச் சொன்னாலும் அவன் முகத்தைப் பார்ப்பாள். மழை விட்டுவிட்டது என்று சொன்னால் ஜன்னலுக்குப் போய்ப் பார்ப்பாள்.

வைஷாலி முழுவதையும் கேட்டாள். தன் குரலைப் பதிந்து தருவதாகச் சொன்னாள். அதுவே நல்லது என்றான் ஜெரோஷ். அலினா மறுத்தாள். அந்த நேரத்தில் அவன் குரல்தான் வேண்டும், அதை நம்பவும் முடிய வேண்டும் என்றாள்.

அதற்குத் தன்னிடம் பயிற்சி எதுவும் இல்லை என்றாள் வைஷாலி.

வீடு நகரத்துக்கு வெளியே, தேஹு ரோட்டில். ஜெரோஷுக்கு அங்கே ராணுவ வெடிமருந்து டிப்போவில் வேலை. அவன் அப்பா ஆர்தரும் அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடுத்த வாரம், பிறக்கப்போகும் குழந்தைக்கு இடம் வேண்டும் என்று இருவரும் பீரோவைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றினார்கள். அலினா கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள்.

ஆர்தர் பின்னோக்கி நடந்தார். ஜெரோஷ் அவருக்கு எதிரே, முன்னோக்கி.

"வாசல்படி," என்றான் ஜெரோஷ். ஆர்தர் காலைத் தூக்கி வைத்தார். "வலது பக்கம் மேஜை." ஆர்தர் இடது பக்கம் ஒதுங்கினார். "அடுத்து தெரியல. கதவு மறைக்குது." இருவரும் நின்றார்கள். ஜெரோஷ் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். "ஸ்டூல் இருக்கு. ரெண்டு அடி தள்ளி." மறுபடியும் நடந்தார்கள்.

பீரோ சுவரோரம் நின்றதும் அலினா கேட்டாள். "மாமா, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலையே நீங்க?"

"எதுக்குப் பார்க்கணும்? அவன்தான் பார்க்கிறானே."

"ரெண்டு பேருக்கும் டிப்போல மட்டும்தான் கண்ணு தெரியும்," என்றாள் டோரீன் சமையலறையிலிருந்து. அவள் ஜெரோஷின் அம்மா. "வீட்டுல சப்பாத்திக் கட்டை கண்ணு முன்னால இருக்கும். எங்க எங்கன்னு கேப்பாங்க."

அன்று மாலை அலினா அதைப் பற்றி மறுபடியும் கேட்டாள். ஜெரோஷுக்குச் சொல்ல அதிகம் இல்லை. டிப்போவில் கனமான பெட்டியை இருவர் தூக்கும்போது ஒருவன் பின்னோக்கித்தான் நடக்க வேண்டும். அவனுக்கு வழி தெரியாது. எதிரே இருப்பவன் பார்த்ததைச் சொல்ல வேண்டும். பார்க்காததைச் சொல்லக் கூடாது. சரியாகத்தான் இருக்கும் என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். அப்போது இருவரும் நிற்பார்கள். பெட்டியை இறக்கும் வரை கொட்டகையில் வேறு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பெட்டிக்குள் இருப்பது அப்படிப்பட்டது.

"என்கிட்டயும் அப்படியே பேசுங்க," என்றாள்.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"பொறந்ததும் நான் கண்ணைத் திறக்க மாட்டேன். நீங்க பார்த்துச் சொல்லணும். வேற யாரும் சொல்லக் கூடாது."

"நல்லபடியா இல்லைன்னா?"

"அதையும் நீங்கதான்."

சரி என்று சொல்ல அவனுக்கு நேரம் பிடித்தது.

அச்சடித்த தாளை அவன் மடித்து வைத்துவிட்டான். தோள் தளர்கிறது என்று தாளில் இருந்தது. தளர்கிறதா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தினமும் வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, அவள் தலைமாட்டில் உட்கார்ந்தான். கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னான்.

உன் தோள் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இப்போது இறங்குகிறது. புருவத்துக்கு நடுவில் மடிப்பு இருக்கிறது. இன்னும் இருக்கிறது. மூச்சு வயிற்றுக்குப் போகிறது. மடிப்பு போய்விட்டது.

முதல் சில நாட்கள் அவள் இடையில் கண்ணைத் திறந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு திறப்பதை விட்டாள். ஒரு மாலை, அவன் சொல்லிக்கொண்டே இருக்கும்போது, போர்வையைப் பிடித்திருந்த அவள் கை தானாக விரிந்தது. அதையும் சொன்னான். அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

டிப்போவில் கேலி செய்தார்கள். பெண்டாட்டிக்கு வசியம் செய்கிறாயாமே, அந்த மந்திரத்தை எங்கள் வீட்டுக்கும் எழுதிக் கொடு என்றான் ராம்பிரசாத். தண்ணீருக்குள் பெற்றுக்கொள்ள இவள் என்ன மீனா என்று டோரீன் இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கவில்லை. மருமகள் இப்போதெல்லாம் இரவில் தூங்குவதை அவள் கவனித்திருந்தாள்.

வைஷாலி ஒரு நாள் அவன் பேசுவதை உட்கார்ந்து கேட்டாள். தமிழ் அவளுக்குப் புரியாது. அலினாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதையே செய்யுங்கள் என்றாள்.

ஜூலையில், மழை விடாமல் பெய்த ஒரு நாள், விடிந்து சிறிது நேரத்தில் வலி வந்தது. பிரசவ மையம் பாணேரிலேயே இருந்தது. தாதி தேஜஸ்வினி முதலிலேயே எல்லாச் சோதனைகளையும் பார்த்திருந்தாள். டாக்டர் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டிருந்தார். குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்தால் தொட்டியை விட்டு நேராகக் கீழ்த்தளத்து ஆபரேஷன் அறைக்கு. டாக்டர் அடுத்த அறையில் இருந்தார். ஆர்தரும் டோரீனும் வெளியே.

தேஜஸ்வினியிடம் அவர்கள் தங்கள் ஏற்பாட்டைச் சொல்லியிருந்தார்கள். ஆபத்து என்றால் நான் பேசுவேன், மற்றபடி பேச மாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

திரையை இழுத்து அறையை மங்கலாக்கினார்கள். அலினா வெதுவெதுப்பான தண்ணீரில் தொட்டியின் விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஜெரோஷ் தொட்டிக்கு வெளியே அவளுக்குப் பின்னால் மண்டியிட்டான். அவன் கைகள் அவள் தோள்மேல். அவன் வாய் அவள் காதுக்கு அருகில்.

அவன் பார்த்ததைச் சொன்னான். உன் முழங்கால் தண்ணீருக்கு மேலே இருக்கிறது. வலி ஏறுகிறது, வயிறு கூர்மையாகிறது. உன் வாய் திறந்திருக்கிறது. வயிறு தளர்கிறது. உன் கை மிதக்கிறது.

அவ்வப்போது தேஜஸ்வினி ஒரு சிறு கருவியைத் தண்ணீருக்குள் வயிற்றில் வைத்தாள். அறை முழுக்கத் துடிப்பு கேட்டது. வேகமாக, யாரோ ஓடி வருவதைப் போல. கருவியை எடுத்ததும் நின்றது. ஒவ்வொரு முறையும் அந்த நிறுத்தத்தில் ஜெரோஷ் அடுத்த துடிப்புக்குக் காத்திருந்தான். அவன் குரலில் அது வரவில்லை.

உச்சிப்பொழுதில் அவள் தலையை ஆட்டினாள். முடியாது என்றாள். முடியும் என்று சொல்ல அவன் நினைத்தான். சொல்லவில்லை.

"என் மணிக்கட்டைப் பிடிச்சிருக்கே," என்றான். "மூச்சு தொண்டையில நிக்குது. இன்னும் நிக்குது. இப்ப எறங்குது. எறங்கிடுச்சு."

இறங்கியிருந்தது. அவள் முகம் மறுபடியும் எங்கோ போனது. அறையில் தண்ணீர் அசையும் சத்தமும் அவன் குரலும் மட்டும் இருந்தன. அவள் கத்தவில்லை. நீண்ட தாழ்ந்த ஒலி ஒன்று அவளிடமிருந்து வந்தது, நின்றது, வந்தது.

"தலை தெரியுது," என்றான். "முடி இருக்கு. தண்ணியில அசையுது."

பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. தேஜஸ்வினியின் கைகள் தண்ணீருக்குள் போயின. குழந்தையை மெதுவாக மேலே கொண்டுவந்து அலினாவின் நெஞ்சில் வைத்தாள். மேலே ஒரு துண்டைப் போர்த்தினாள். இரண்டு விரல்களால் தொப்புள்கொடியைப் பிடித்துத் துடிப்பைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

சத்தம் இல்லை.

தண்ணீர் தொட்டியின் சுவரில் தட்டி அடங்கியது. வெளியே மழை. குழந்தை அழவில்லை. தண்ணீரில் பிறக்கும் குழந்தைகள் உடனே அழாமல் இருக்கலாம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அவன் அதைக் கேட்டிருந்தான், தலையாட்டியிருந்தான். இந்த நீல நிறத்தை அவன் ஒரு முறை பார்த்திருக்கிறான். இந்த அமைதியும் அவனுக்குத் தெரியும்.

தேஜஸ்வினியின் முகம் தெரியவில்லை. அவள் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

அலினா கண்ணைத் திறக்கவில்லை. கைகள் துண்டின்மேல் இருந்தன, அழுத்தாமல்.

"சொல்லுங்க," என்றாள்.

நல்லா இருக்கு என்று அவன் வாயில் வந்துவிட்டது. அந்தக் குரல் தயாராக இருந்தது. அது உடையாது. அவள் நம்புவாள்.

"பொண்ணு," என்றான். "உன் நெஞ்சுல படுத்திருக்கா. அழல. ஒடம்பு நீலமா இருக்கு."



"உயிர் இருக்கா?"

"தெரியல."

அவள் அசையவில்லை. அவனும் அசையவில்லை. இருவரும் அப்படியே நின்றார்கள்.

"பாருங்க," என்றாள்.

அவன் அவள் தோளுக்கு மேலே இன்னும் குனிந்தான்.

"கண்ணு திறந்திருக்கு. வெரல் அசையுது. தண்ணி அசைக்குதா, அவளா அசைக்கிறாளான்னு தெரியல." நிறுத்தினான். "மூக்குல ஒரு குமிழி. உடைஞ்சிடுச்சு."

"அப்புறம்?"

"இல்ல. இரு." அவன் காத்திருந்தான். "இன்னொண்ணு வருது. அதுவும் உடைஞ்சிடுச்சு. நெஞ்சுல நெறம் மாறுது. நடுவுல சிவப்பு. நெஞ்சு ஏறுது, அலினா. எறங்குது. ஏறு..."

அவன் குரல் உடைந்தது. மேலே சொல்ல முடியவில்லை.

தேஜஸ்வினி நிமிர்ந்தாள். கொடியிலிருந்து விரலை எடுக்காமலே அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அதை அவன் பார்க்கவில்லை. அவன் நெற்றி அலினாவின் ஈரத் தலையில் பதிந்திருந்தது.

அலினா கண்ணைத் திறந்தாள். திரும்பி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே குனிந்து மகளைப் பார்த்தாள்.

குழந்தை விழித்திருந்தது. தும்மியது. மறுபடியும் விழித்தது. அழுகை இன்னும் வரவில்லை. துண்டுக்கு வெளியே ஒரு கை வந்து, விரல்கள் விரிந்து, மூடின.

வெளியே டோரீன் ஏதோ கேட்பதும், ஆர்தர் தாழ்ந்த குரலில் பதில் சொல்வதும் கேட்டன. ஜெரோஷ் போய்ச் சொல்ல வேண்டும். எழ முடியவில்லை. அலினா மறுபடியும் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"யார் ஜாடை?" என்றாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மகளை நெடுநேரம் பார்த்தான்.

"இன்னும் தெரியல," என்றான்.