நனையாத கயிறு

கயிறு நனையவில்லை, அதுதான் முதலில் வருகிறது, மாமாவின் இடது கையில் சுருள் சுருளாகத் தொங்குகிற தேங்காய் நார்க் கயிறு, கிணற்றுக்குள்ளிருந்து அக்காவின் குரல் மேலே ஏறி வருகிறது, ஏனுங்க, கயித்தப் போடுங்க, ஏனுங்க, மாமா, அக்காவின் புருஷன், குனிந்து பார்க்கிறார், கயிறு கையிலேயே இருக்கிறது, நன்றாகக் காய்ந்த கயிறு, வெயிலில் அதன் நார்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது, பிறகு அவர் திரும்பி, பின்வாசலில் நிற்கும் ஒன்பது வயதுக் கோகிலவாணியைப் பார்க்கிறார், அதட்டவில்லை, கோபம்கூட இல்லை, நீ உள்ள போ கண்ணு என்கிறார். இதற்கு மேல் கோகிலவாணிக்கு எழுத வருவதில்லை. இருபத்திரண்டு வருடமாக இந்த இடத்தில்தான் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்துப் பேனாவின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் அங்கேயேதான் நிற்கிறது, நான்கு மணிக்குச் சிந்துஜா வந்துவிடுவாள், அக்காவின் மகள், அன்றைக்குத் தொட்டிலில் கிடந்தவள், சித்தி எழுதும் கதைகளுக்கு முதல் வாசகி, உள்ளதைச் சொன்னால் ஒரே வாசகி.

கதை எழுதுகிறாளாம் கதை. பிழைப்பு என்னவோ நீதிமன்றத்தில் தட்டச்சு, கூண்டில் நிற்கும் ஒரு தாய், எம்பட புள்ளைய அடிச்சே கொன்னுபோட்டானுங்க சாமி என்று மாரில் அடித்துக்கொள்வாள், நீதிபதி ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிரி என் மகளைத் தாக்கியதை நான் பார்த்தேன் என்று சுருக்கிச் சொல்வார், கோகிலவாணியின் விரல்கள் அதை அடித்துவிடும், அழுகையை அடிக்க விசை கிடையாது, கடைசியில் படித்துக் காட்டுவார்கள், அந்தத் தாய் மூக்கைச் சிந்திவிட்டு, சரிங்க சாமி என்று கையெழுத்துப் போடுவாள், பத்து வருடமாக இதே வேலை, வீட்டுக்கு வந்து மழையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மேற்படி மழை என்றுதான் வந்து தொலைக்கிறது. போன மாதம் சிந்துஜா ஒரு கதையைப் படித்துவிட்டு, நல்லாத்தான் இருக்குதுங்க சித்தி, ஆனா யாரோ சொல்லச் சொல்ல நீங்க அடிச்ச மாதிரியே இருக்குது என்றாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், கோகிலவாணி அந்தக் காகிதத்தை வாங்கி நாலாக மடித்துவிட்டாள்.

ஏனென்றால் ஒன்பது வயதில் கோகிலவாணி யாரோ சொல்லத்தானே சொன்னாள், அம்மா தலை வாரிவிட்டுக்கொண்டே சொல்கிறாள், சீப்பு உச்சந்தலையில் அழுந்துகிறது, கால் தவறி உளுந்துட்டான்னு சொல்லு சாமி, அதுக்கு மேல கேட்டா ஒண்ணுந் தெரியாதுன்னுடு, அந்தப் பச்சப்புள்ளைய அப்பறம் யாரு பாக்கறது, அப்பனும் உள்ள போயிட்டா அதுக்கு யாரு இருக்கறா, விசாரணை அதிகாரி நல்லவர், பிஸ்கட் கொடுத்துத்தான் கேட்டார், கோகிலவாணி சொன்னாள், அக்கா கால் தவறித்தான் விழுந்தாள், அது பொய்யே இல்லை, அடுத்த வரிதான் பொய், எனக்கு வேறு எதுவும் தெரியாது, ஓர் ஆள் அதைத் தட்டச்சு செய்தான், விசைகளின் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது, படித்துக் காட்டினார்கள், சரிங்க என்றாள், காகிதத்தில் ஏறியதும் அது உண்மையாகிவிட்டது, அந்தப் பயம் இன்னும் போகவில்லை. எதற்காக எழுதுகிறாய் என்று எவராவது கேட்டால் பெயருக்காக என்றும் ஆசைக்காக என்றும் சொல்லிவந்திருக்கிறாள், சுத்தப் பொய், ஒரே ஒரு வரியை எழுதாமலிருக்கத்தான் இத்தனை கதைகளையும் எழுதினாள்.

மாமா மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை, சிந்துஜாவுக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டதே அவர்தான், மழை நாளில் பள்ளிக்கூட வாசலில் குடையோடு நின்றதும் அவர்தான், அந்தப் பெண்ணுக்கு அப்பா என்றால் உயிர், எழுதினால் அவளுக்கு அப்பா இல்லை, ஒருவேளை சித்தியும் இல்லை, இன்றைக்கும் அவர் கண்ணு என்றால் கோகிலவாணியின் கால் தானாக உள்ளே போகிறது. மணி மூன்றேகால். கயிறு நனையவில்லை என்று எழுதுகிறாள், நீ உள்ள போ கண்ணு என்பது வரைக்கும் வந்துவிடுகிறது, பேனா நிற்கிறது, அப்புறம் அதுவாகவே நகர்கிறது, நான் உள்ளே போனேன், கதவைச் சாத்தினேன், தாழ் எட்டவில்லை, முக்காலியை இழுத்துப் போட்டு ஏறித் தாழ் போட்டேன், அக்கா கூப்பிடுவது கேட்கக் கூடாதென்று காதைப் பொத்திக்கொண்டேன். கோகிலவாணி வாய்விட்டு அழுகிறாள். இத்தனை காலமும் மாமாவைப் பற்றிய வரி என்றுதான் நினைத்துப் பயந்திருந்தாள், இது இவளுடைய வரி, இதை யாரும் சொல்லித்தரவில்லை.

வண்டிச் சத்தம் கேட்கிறது. எப்போதும் மகளை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறவர் இன்றைக்குப் பார்த்து, என்ன வெயிலு கண்ணு, ஒரு சொம்புத் தண்ணி குடு என்று படியேறி வருகிறார், கண்ணு என்றதும் கால் நகர்ந்து அடுக்களைக்குப் போய்விடுகிறது, சொம்போடு திரும்பிவந்து அவர் கையில் கொடுக்கும்போதுதான் பார்க்கிறாள், சிந்துஜா காகிதத்தை எடுத்துவிட்டாள், புதுசுங்களா சித்தி என்று கேட்டபடியே வழக்கம்போல உரக்கப் படிக்க ஆரம்பித்தும்விட்டாள், பிடுங்கிவிட வேண்டும், பிடுங்கிக் கிழித்துவிட வேண்டும், கை எழவில்லை. கயிறு நனையவில்லை, அதுதான் முதலில் வருகிறது என்று படிக்கிறாள், சொம்பு மாமாவின் வாய்க்குப் போகும் வழியில் நிற்கிறது, ஏனுங்க, கயித்தப் போடுங்க, ஏனுங்க, எழுதியிருப்பதைத்தான் படிக்கிறாள், ஆனால் அது அச்சு அசலாக அக்காவின் குரல், தொட்டிலில் கிடந்தபோது கேட்டிருப்பாளோ என்னவோ, அதே இழுப்பு, மாமாவின் இடது கை எதையோ இறுக்கிப் பிடிப்பதுபோல மூடுகிறது, வலது கையிலிருந்த சொம்பு சாய்ந்து வேட்டி நனைகிறது, சிந்துஜா நிமிர்ந்து அப்பாவைப் பார்க்கிறாள், பிறகு சித்தியைப் பார்க்கிறாள், அடுத்த வரிக்குப் போகவில்லை.

நீ உள்ள போ கண்ணு என்கிறார் மாமா, யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

மீதியையும் படி சிந்து என்றாள் கோகிலவாணி, நின்ற இடத்திலேயே நின்றாள்.