பகடையில் மூன்று

ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி ஹால்வார் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து இடது துடுப்பைப் பிடித்தான். வலது துடுப்பு என்னிடம். திரையில் ஒரு படகு, ஆளுக்கொரு துடுப்பு, அந்த வீடியோ விளையாட்டே அவ்வளவுதான். இருவர் இல்லாமல் ஆட முடியாது, விமர்சனம் எழுத வேண்டும், அதனால்தான் கூப்பிடுகிறேன் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். அது பாதி உண்மை. அப்பாவின் மலைக்குடிலை நான் விற்றதிலிருந்து நாலு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை.

படகு சொன்னபடி கேட்கவில்லை. நேராகப் போகச் சொன்னால் வட்டமடித்தது. "உன் பக்கமே இழுக்காத, கழுதை" என்று கத்தினான். சின்ன வயதில் கூப்பிட்ட அதே கழுதை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவனுக்கும்தான். தட்டில் வாஃபிள் காய்ந்துபோகும் வரை ஆடினோம்.

எங்கள் டிரொண்ட்ஹைம் நகரப் பத்திரிகையில் மதிப்பெண்ணுக்குப் பகடைப் படம் போடுவோம். ஒன்று படுமோசம், ஆறு பிரமாதம். நான் ஐந்து போட்டு அனுப்பினேன். ஆசிரியர் பெரித் என் மேசைக்கே வந்துவிட்டாள். துடுப்பு சரியில்லை என்று பத்திக்குப் பத்தி எழுதிவிட்டு ஐந்து எதற்கு என்றாள். மறைக்கப் பிடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உன் தம்பிய எல்லா வாசகர் வீட்டுக்கும் அனுப்ப முடியுமா, டோருன்?"

"மனசுல ஒண்ணுமே இல்லாம ஆடுறவன் எங்கயாவது இருக்கானா? இருந்தா அவன்கிட்டயே எழுதி வாங்கிக்கோ."

அவள் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு கோபம் வந்தது. மறுநாள் அலுவலகத்து ஓட்மாரை உட்காரவைத்து ஆடினேன். கொஞ்ச நேரத்திலேயே காப்பி குடிக்க எழுந்துவிட்டான். அவனோடு ஆடும்போது கெட்ட துடுப்பு கெட்ட துடுப்பாகவே இருந்தது. விளையாட்டைச் செய்தவர்கள் துடுப்பைத்தான் செய்தார்கள், ஹால்வாரைச் செய்யவில்லை. ஐந்தை அழித்து மூன்று போட்டேன். தம்பியோடு ஆடி விழுந்து விழுந்து சிரித்தேன், அந்தச் சிரிப்பு எங்களுடையது என்று ஒரு வரியும் சேர்த்தேன். பெரித் அதை வெட்டச் சொன்னாள். முடியாது என்றேன். வெட்டாமலே அச்சானது.

சனிக்கிழமை காலை தம்பியிடமிருந்து போன் வந்தது.

"மூணா?" என்றான்.

"மூணுதான்."

"நாம சிரிச்சதுக்கு மூணு."

"துடுப்புக்கு மூணு, ஹால்வார்."

அவன் பேசவில்லை. பயமாக இருந்தது. குடில் விஷயத்திலும் இப்படித்தான் மௌனமாகி, அப்படியே நாலு வருஷம் போய்விட்டது. தம்பிக்காக ஐந்து போட்டிருந்தால் என்ன குடி முழுகிப்போயிருக்கும் என்றுகூட நினைத்தேன். ஆனால் மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அவன் வைத்துவிட்டான்.

மதியம் மணி அடித்தது. வாசலில் ஹால்வார். ஷூவைக் கழற்றினான், என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய் உட்கார்ந்து இடது துடுப்பை எடுத்தான். நானும் உட்கார்ந்தேன். படகு அன்றைக்கு என்னவோ நேராகப் போனது, பெரிய பாறை ஒன்றை நோக்கி. இருவரும் துடுப்புப் போடுவதை நிறுத்தவில்லை.