தனப்பிரியாவின் லாகின்

எருமப்பட்டி சாலையில் இருக்கும் அந்தக் கோழித்தீவன மில்லுக்கு இர்பானா சேலத்திலிருந்து வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. அங்கிருக்கும் நான்கு லினக்ஸ் கணினிகளையும் மூன்று வருடமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். தீவனக் கலவை போடும் தனப்பிரியாவால் காலையிலிருந்து தன் கணினிக்குள் நுழைய முடியவில்லை. மக்காச்சோளம் எவ்வளவு, சோயா எவ்வளவு என்கிற தாள் வராததால் மிக்ஸர் ஓடாமல் நின்றது.

முதலாளி அர்த்தநாரி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். பாஸ்வேர்டை மறந்துவிட்டு அந்தப் பெண் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள் என்றார். காலையிலிருந்து எல்லார் முன்னாலும் அதைத்தான் சொல்லியிருக்கிறார் என்பது தனப்பிரியாவின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"நான் மறக்கலீங்க அக்கா. ஏழு தடவை போட்டுப் பாத்துட்டேன்" என்றாள் அவள்.

இர்பானா அவளையே மறுபடியும் போடச் சொன்னாள். திரை ஒரு நொடி கறுத்து, லாகின் பக்கத்துக்கே திரும்பிவிட்டது. பாஸ்வேர்டு தப்பு என்று எந்தச் செய்தியும் இல்லை. அப்படியானால் பாஸ்வேர்டு சரி. அதற்குப் பிறகுதான் ஏதோ அறுந்துபோகிறது. தன் நிர்வாகிப் பெயரில் நுழைந்து பார்த்தாள். டெஸ்க்டாப் ஒழுங்காக வந்தது. வெளியேறி, கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்தபடி எஃப்-3ஐத் தட்டி, வெறும் எழுத்து மட்டும் இருக்கும் திரைக்குப் போனாள். அங்கே தனப்பிரியா பாஸ்வேர்டு போட்டதும் ஒரு வரி வந்து மறைந்தது. இசட்-ஷெல் என்ற நிரலைக் காணோம் என்றது அது.

ஒருவர் நுழைந்ததும் முதலில் ஓட வேண்டிய நிரல் ஷெல். யாருக்கு எந்த ஷெல் என்று கணினி அவரவர் பெயருக்கு நேரே எழுதி வைத்திருக்கும். அங்கே எழுதியிருக்கும் ஷெல் கணினியின் வட்டில் இல்லையென்றால் டெஸ்க்டாப்பும் எழாது.

கல்லூரியில் பழகியது என்று தனப்பிரியா கேட்டதால் இசட்-ஷெல்லை அவளுக்கு நிறுவிக் கொடுத்ததே இர்பானாதான். போன வாரம் வட்டில் இடம் போதவில்லை என்று வீட்டிலிருந்தபடியே வேண்டாததையெல்லாம் நீக்கியபோது அதையும் சேர்த்துத் தூக்கியது அவளேதான். தனப்பிரியா தினமும் திரையைப் பூட்டிவிட்டுப் போவாளே தவிர லாக்-அவுட் செய்வதில்லை. நேற்று பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்டை நிறுத்தினார்கள். அப்போதுதான் கணினி அணைந்தது; அதனால்தான் இன்று காலை புதிதாக நுழையும்போது ஷெல் இல்லாதது தெரியவந்தது.

இர்பானாவுக்குக் காது சூடேறியது. சிஸ்டத்தில் கோளாறு என்று பொதுவாகச் சொன்னால் அர்த்தநாரி மேலே கேட்க மாட்டார். மறந்தவள் என்ற பேர் மட்டும் இந்தப் பெண்ணிடமே தங்கிவிடும்.

நிர்வாகியாக நுழைந்து தனப்பிரியாவின் ஷெல்லை, கணினியோடு கூடவே வரும் பாஷ் என்ற ஷெல்லாக மாற்றினாள். ஒரே வரி வேலை. இந்தமுறை டெஸ்க்டாப் வந்தது.

அர்த்தநாரி எட்டிப் பார்த்தார். "பாஸ்வேர்டை மாத்திக் குடுத்துட்டீங்களா சாமி?"

"இல்லீங்க. அதே பாஸ்வேர்டுதான். இவங்களுக்கு வேண்டிய ஒண்ணை நான் போன வாரம் பாக்காம அழிச்சுட்டேன். தப்பு என்னோடது."

அவர் தனப்பிரியா பக்கம் திரும்பினார். "செரி சாமி, சீட்டை எடுத்துக் குடு, மிக்ஸர் நிக்குது" என்றார். மன்னிப்பென்று ஒன்றும் கேட்கவில்லை. காலையில் இருந்த கடுமை மட்டும் குரலில் இல்லை.

தாள் அச்சாகி வெளியே வந்தது. தனப்பிரியா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "இனி எதை எடுக்கறதுன்னாலும் எனக்கொரு போன் போட்டுட்டு எடுங்க அக்கா."

சரி என்றாள் இர்பானா. மற்ற மூன்று கணினிகளிலும் யாருக்கு எந்த ஷெல் என்று பார்த்து முடித்துவிட்டு, ரெண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.