எஸ்தோனியாவின் வரிசை

மைக்கைப் பிடித்தால் எஸ்தோனியாவுக்குப் போகாமல் புலிகளுக்காகப் பேசும் தவராஜா மேடையை விட்டு இறங்கமாட்டார். டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் தமிழர் கூடும் மண்டபத்தில் பத்து வருடமாக இதே பாட்டுத்தான். ரஷ்ய ரூபிளைத் தூக்கி எறிந்துவிட்டு 1992 ஜூனில் சொந்தக் காசுக்கு மாறிய குட்டி நாடு. டென்மார்க் காசைப் போல அதற்கும் குரோன் என்றே பெயர். எட்டு குரோனுக்கு ஒரு ஜெர்மன் மார்க் என்று கட்டிவைத்தார்கள், அசையவில்லை.

"தமிழீழம் கிடைச்சா எங்கடை காசும் வரும். அதை நடத்தப் படிச்ச பிள்ளையள் வேணும்" என்று முடிப்பார். சனம் கை தட்டும்.

அப்படித் தட்டியவன்தான் சுசீலாதேவியின் தம்பி நித்தியானந்தன், கணக்கியல் படித்தவன். அவன் கையில் எஸ்தோனியாவின் ஐந்து குரோன் தாள் ஒன்றைத் தவராஜா வைத்து அழுத்தினார். செஸ் ஆட்டக்காரர் படம் போட்ட தாள். அதை அக்கா வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு, 2005இல் வன்னிக்கு, புலிகள் நடத்திய வங்கியில் வேலைக்குப் போனான். 2009 மே மாதம் சண்டை முடிந்த கிழமை, அவன் ஷெல் விழுந்து செத்ததைக் கண்ட ஒருவர் அகதி முகாமிலிருந்து சொல்லியனுப்பினார்.

முதியோர் இல்லத்தில் சுசீலாதேவியோடு வேலை செய்யும் கத்தரீனா எஸ்தோனியாக்காரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப்போன தாளைக் காட்டி, உங்கள் காசு எப்படி வந்தது என்று சுசீலாதேவி கேட்டாள்.

"அம்மாவோடு வரிசையில் நின்றேன். ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபிள் கொடுத்தால் நூற்றைம்பது குரோன். கால் உளைந்தது, வேறொன்றுமில்லை" என்று அவள் டேனிஷில் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு மண்டபத்தில், சண்டையில் செத்தவர்களுக்கு அஞ்சலிக் கூட்டம். வெட்கமில்லாத மனுசன் தவராஜா அங்கேயும் தொடங்கினார். "சோர்ந்து போகாதையுங்கோ. எஸ்தோனியாவும் ஐம்பது வருசம் காத்திருந்தது."

சுசீலாதேவி எழுந்து நின்றாள்.

"தவராஜா அண்ணை, அங்கை காசு மாறேக்கை எத்தினை பேர் செத்தவை?"

"அது வேறை கதை, தங்கச்சி."

"கேட்டதுக்குச் சொல்லுங்கோ."

"ஒருத்தரும் சாகேல்லை."

"அப்ப என்ன செய்தவை?"

"வரிசையிலை நிண்டு மாத்தினவை."

"உது உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

அவர் முன்வரிசையைப் பார்த்தார். ஒருவரும் கை கொடுக்கவில்லை.

"ஓம்" என்றார். மைக் அதைக் கடைசிக் கதிரைவரை கொண்டுபோனது.

சுசீலாதேவி போய் அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தாள்.

"நித்தி பொறுமைசாலி, அண்ணை. வரிசையிலை நில் எண்டு சொல்லியிருந்தா என்ரை தம்பி நிண்டிருப்பான்."