மேல் குரல் யாருடையது

பெட்டியின் மேல் 'புது மைக் சோதனை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்' என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த இசை ஆவணக் காப்பகத்தில் இப்படிப்பட்ட பெட்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்த யாரோ ஒரு பெரியவர் இறந்துபோக, அவருடைய மகன் வீட்டைக் காலி செய்கிற அவசரத்தில் ஒரு வண்டி நிறைய ஒலிநாடாக்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தான். ஒவ்வொன்றையும் ஓடவிட்டுக் கேட்டு, யார் பாடியது, என்ன வாத்தியம், எங்கே தேய்ந்திருக்கிறது என்று விவரம் எழுதிப் பட்டியலில் ஏற்றுவது அவள் வேலை. அலுவலகத்தில் அவளை 'ரீல் மேடம்' என்பார்கள்.

நாடா சுழன்றது. முதலில் ஒரு இருமல். அப்புறம் ஒரு ஆண் குரல்: "ம், பாடுங்க. மைக் ஒண்ணும் கடிக்காது."

அந்த ஒரு வாக்கியத்திலேயே அவளுக்கு ஆள் தெரிந்துவிட்டது. மைக் மாமா! பக்கத்து வீட்டில் ஒயரும் பெட்டியுமாகக் கிடந்த அந்த மனிதருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்திருக்கும் என்றே சின்ன வயதில் அவளுக்குத் தோன்றியதில்லை. அதனால்தான் கொடுத்தவர் விவரத்தில் பெயரைப் பார்த்தபோதும் ஒன்றும் உறைக்கவில்லை.

பிறகு இரண்டு சிறுமிகள் பாட ஆரம்பித்தார்கள். வார்த்தை கிடையாது, வெறும் மெட்டு. மாடியில் துணி உலர்த்திக்கொண்டே அவளுடைய அக்கா கட்டிய மெட்டு. ஒரு குரல் மேலே போக, இன்னொன்று அதன் காலடியிலேயே நடந்தது. அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். வந்ததும் பட்டியலில் எழுதினாள்: மேல் குரல், அக்கா. கீழ்க் குரல், தங்கை.

துறைத் தலைவர் அவளைவிட வயதில் சிறியவர், நிதானமானவர். திரையைப் பார்த்துவிட்டு, "நீங்க சொல்றதை நம்பாம இல்ல மேடம். ஆனா 'எனக்குத் தெரியும்'னு ஆதாரம் காட்ட முடியாதே" என்றார். "தவிர, மெட்டு உங்க அக்காவோடதுன்னா மத்தவங்க கேக்கலாமா வேணாமான்னு அவங்கதான் சொல்லணும். ஒரு போன் போட்டுடுங்களேன்."

அவருக்கு அது ஒரு போன். அவளுக்கோ கைக்கு எட்டாத மலை.

அக்கா பிற்பாடு மேடை ஏறினாள், பேர் வாங்கினாள். தங்கைக்கு மேடை ஒத்துவரவில்லை. காது ஒத்துவந்தது, அதுவே பிழைப்பாயிற்று. அக்கா எங்கே பாடினாலும் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொள்வாள். பிறகு அக்காவுக்குக் கழுத்தில் 'சின்ன ஆபரேஷன்' என்றார்கள். அதன்பின் அக்கா போனையே எடுக்கவில்லை. 'நலம். வேலையா இருக்கேன். அப்புறம் பேசறேன்' என்று எழுத்தில் மட்டும் பதில் வரும். அந்த 'அப்புறம்' வருஷக்கணக்கில் நீண்டது. ஒருதடவை மனசு கேட்காமல் வீட்டுக்கே போனாள். அத்தான் வாசலில் நின்றபடியே, "ஊர்ல இல்லம்மா" என்றார். அக்காவின் செருப்பு அவர் காலடியிலேயே கிடந்தது. அப்படி என்ன குறை வைத்துவிட்டோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, அவளும் ரோஷத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் தெருவில் எங்காவது ஒரு பெண் முணுமுணுத்துக்கொண்டு போனால்கூட அவள் கால் தானாக நின்றுவிடும்.

தன் எண்ணிலிருந்து கூப்பிட்டால் எடுக்க மாட்டாள் என்று தெரியும். அலுவலகப் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"ஹலோ."

யாரோ ஒரு கிழவி. உப்புத்தாளால் மரத்தைத் தேய்ப்பது போல ஒரு குரல். வீட்டில் வேலைக்கு இருப்பவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"வணக்கம். இசைக் காப்பகத்துலேர்ந்து பேசறேன். பாடகி அம்மா இருக்காங்களா?"



"பாடகி இல்ல. நான்தான் இருக்கேன். சொல்லு வாண்டு."

ஐம்பது தாண்டிய பெண்ணை உலகத்தில் ஒருத்திதான் வாண்டு என்று கூப்பிடுவாள். இவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். என்ன கேட்பது என்று தெரியாமல், "ஜலதோஷமாக்கா?" என்றாள்.

"ஆமா, வருஷக்கணக்கா ஜலதோஷம்." அக்கா சிரித்தாள். சிரிப்பிலும் காற்றுதான் வந்தது. "ஆபரேஷன்ல நரம்பு போயிடுச்சு. யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்ல."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"எப்படிடி சொல்றது? சொல்றதுக்கும் இந்தக் குரலைத்தானே எடுக்கணும்? மத்தவங்க கேட்டா கேட்டுட்டுப் போறாங்க. நீ என் குரலை உள்ளும் புறமும் தெரிஞ்சவ. உன் காதுக்குத்தான் பயந்தேன்."

ரிசீவரை இறுக்கிப் பிடித்தபடி அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதால் அக்கா வைத்துவிடுவாள் என்று தோன்றியது. அதனால் வேலையைப் பிடித்துக்கொண்டாள். மைக் மாமாவின் நாடாவைப் பற்றிச் சொல்லி, "மேல் குரல் நீ, கீழ்க் குரல் நான்னு எழுதியிருக்கேன். சரியான்னு சொல்லணும்" என்றாள்.

"தப்பு. மேல பாடினது நீ. நீ விழுந்துடாம நான் கீழ நின்னேன்."

"அக்கா, எனக்கு இதான் தொழிலே."

"இருந்துட்டுப் போகட்டும். அன்னிக்குக் கீழ நின்னு பாடினது நானாக்கும்."

"அப்போ நேர்ல வந்து கேட்டுட்டுச் சொல்லு."

வாய் தவறி வந்துவிட்டது. வரமாட்டாள் என்றுதான் நினைத்தாள். ஆனால் அந்த வாரமே அக்கா வந்தாள், கழுத்தைச் சுற்றி ஒரு துணியும் தோளில் ஒரு பையுமாக, பாதியாக இளைத்துப்போய். கட்டிக்கொள்ள வேண்டும் என்று இவளுக்குக் கை பரபரத்தது. அதற்குப் பதிலாகப் பையை வாங்கிக்கொண்டாள்.

"ரொம்ப வெயிட்டா இருக்கே, என்னக்கா இது?"

"குடை, தண்ணி பாட்டில், ஸ்வெட்டர். உங்க ஆபீஸ்ல குளிரும்னு கேள்விப்பட்டேன்."

கேட்கும் அறை நிஜமாகவே குளிர்ந்தது. சுவர் முழுக்கச் சத்தத்தை விழுங்குகிற பஞ்சுப் பலகை. ஆளுக்கு ஒன்றாகக் காதில் மாட்டிக்கொண்டார்கள். மைக் மாமா இருமினார். அக்காவின் முகத்தில் சட்டென்று ஒரு சிரிப்பு ஓடியது. பாட்டு தொடங்கியதும் அது நின்றுபோயிற்று. கண்ணை மூடிக்கொண்டாள். துணிக்குக் கீழே அவள் தொண்டை ஏறி இறங்குவதைத் தங்கை பார்த்தாள். சத்தம் இல்லாமல், அக்கா கூடவே பாடிக்கொண்டிருந்தாள்.

பாதியில் 'டப்' என்று நின்றது.

"நிறுத்திட்டாரு மனுஷன்!" என்றாள் அக்கா. "இன்னும் ஒரு அடி இருக்கு, அதுதான் உயிரே. அதுக்குள்ள மைக் நல்லா இருக்குன்னு முடிவு கட்டிட்டாரு."

"எனக்கு ஞாபகமே இல்லக்கா. எப்படிப் போகும்?"

அக்கா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பிறகு தங்கையின் கையைப் பிடித்து, விரலால் மணிக்கட்டிலிருந்து மேலே கோடு இழுத்தாள். "நின்ன இடத்துலேர்ந்து ஏறு. இன்னும். அங்கயே நில்லு. இப்போ படி இறங்குற மாதிரி இல்ல, வழுக்கிட்டு வரணும். பாடு."

அவள் பாடினாள். எத்தனையோ வருஷமாக வெளியே வராத குரல், துருப்பிடித்த கீல் மாதிரி.

"வழுக்குன்னா விழுன்னா சொன்னேன்? அந்த இடம் உனக்கு அப்பவும் வராது, இப்பவும் வராது."

மறுபடி பாடினாள். மறுபடியும் திட்டு. எத்தனை தடவை என்று கணக்கில்லை. கடைசியில் ஒருமாதிரி வந்தது. "கிட்டத்தட்ட" என்றாள் அக்கா. கையை விடவில்லை.

"ஒண்ணு கேட்டா உண்மையைச் சொல்லுவியா?" என்றாள் சற்றுப் பொறுத்து. "நீ என்னைப் பாக்கணும்னு ஏங்கினியா, நாடாவுல பாடற அந்தப் பொண்ணைக் கேக்கணும்னு ஏங்கினியா?"

பொய் சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. "அந்தப் பொண்ணைத்தான்க்கா. உன் செருப்பைப் பாத்துட்டுத் திரும்பி வந்த அன்னிக்கும் வழியெல்லாம் அந்தக் குரல்தான்."

அக்கா தலையை ஆட்டினாள். "நானும் அவளுக்குத்தான் ஏங்கறேன்" என்றாள்.

மேல் குரல் யாருடையது என்ற வழக்கு மட்டும் தீரவில்லை. இன்னொரு தடவை கேட்டபோது அக்காவுக்கே குழப்பமாகிவிட்டது. அவள் கட்சி மாறியதும் தங்கையும் கட்சி மாறினாள். கடைசியில் பட்டியலில் இப்படி எழுதினார்கள்: 'பெண் குரல்கள் இரண்டு, சகோதரிகள். எது யாருடையது என்பதில் பாடியவர்களுக்குள் உடன்பாடு இல்லை.' அக்கா அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மத்தவங்க கேக்கலாமாக்கா?"

சிரிப்பு அடங்கியது. "வேணாம். நான் இருக்கிற வரைக்கும் பூட்டி வை. இந்தக் குரலோட நான் தினமும் குடித்தனம் பண்ணணும்டி. அது வெளியில சுத்திட்டிருந்தா என்னால முடியாது."

யாரும் கேட்காமல் கிடப்பதைத் தேடி எடுத்துக் கேட்க வைப்பதுதான் அவள் தொழில். எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகப் பேசிச் சம்மதம் வாங்கியிருக்கிறாள். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. 'கேட்க அனுமதி இல்லை' என்று அக்காவின் கண்ணெதிரிலேயே பட்டியலில் தட்டினாள். இனி அவளும் அதை எடுத்து ஓடவிடப்போவதில்லை. யாரும் தடுக்க மாட்டார்கள்தான், ஆனாலும்.

பேருந்து நிறுத்தத்தில், வீட்டுக்கு வந்துவிட்டுப் போ என்று கெஞ்சிப் பார்த்தாள். "இன்னொரு நாள்" என்று அக்கா ஏறிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ சொன்னாள். இரைச்சலில் அந்தக் குரல் கேட்கவே இல்லை. இவள் கேட்ட மாதிரி தலையாட்டினாள்.

சாயங்காலம் அவள் வீட்டுப் பூட்டில் சாவியை நுழைக்கும்போது போன் அடித்தது. எழுத்து இல்லை, அழைப்பு.

"வந்து சேந்துட்டேன்" என்றது அந்தக் கரகரப்பு. "வழியில நல்ல மழை. குடை எடுத்துட்டுப் போனது நல்லதாப் போச்சு."

"நனைஞ்சியாக்கா?"

"முழங்காலுக்குக் கீழ. நீ?"

"நான் நனையல."

அதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் யாரும் வைக்கவில்லை. கதவைப் பாதி திறந்தபடி, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் நின்றாள். அந்தக் கரகரப்புக்கு அடியில் எங்காவது பழைய குரல் இருக்கிறதா என்று பழக்கத்தில் தேடினாள். இல்லை. அக்கா மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.