முன்பல்லில் ஒரு சந்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் வாய்க்குள் பிறந்தது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே என் மேல்வரிசைப் பற்கள் என்னிடமிருந்து ஓய்வு பெற்றன. புதுப் பல்செட்டை மாட்டிக் கண்ணாடி பார்த்தால், முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே தீக்குச்சி நுழைகிற சந்து. என் ஆயுசில் எனக்கு அப்படியொன்று இருந்ததில்லை. ஆனால் பார்த்த சந்துதான். திரையில், முப்பதடி அகலத்துக்கு. ராஜாளியின் சந்து.

(ராஜாளி என்பது அந்த நடிகருக்கு ரசிகர்கள் வைத்த பெயர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.)

மறுநாள் பேருந்தில் எதிரே இருந்தவர் கொட்டாவி விட்டார். அதே சந்து. மருந்துக்கடைக்காரர் சிரித்தார். அதே. ஊரில் நாலாயிரம் பேர் ராஜாளியின் பல்லோடு திரிகிறார்கள்!*

* கைப்பிரதியைப் படித்த என் மனைவி இதை அடித்துவிட்டு "பதினேழு" என்று எழுதினாள். "அதுலயும் ரெண்டு பேர் போய்ச் சேந்தாச்சு" என்றாள்.

2

ஆகவே கதாநாயகர், அந்தப் பற்களைக் கட்டிய பல்செட்காரர். தொடக்கம் இப்படி:

"கதிரவன் தன் பொற்கரங்களை விரித்த வேளையில்..." [வேண்டாம். அவர் ஒன்பது மணிக்குத்தான் எழுவார்.]

"எத்தனையோ முகங்களுக்குப் புன்னகை தந்த அந்த மாமனிதர்..." [என் பல் உதட்டைக் கிழிக்கிறது. மாமனிதராவது!]

அவர் பயந்துபோயிருந்தார். [இது இருக்கட்டும்.]

3

வீட்டுப் பின்னறைதான் பட்டறை. டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். இவர் ரோஸ் நிற மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு வரிசை கட்டுவார். மெழுகில் இருக்கும்வரை எதையும் நகர்த்தலாம். கொதிநீரில் இறக்கினால் மெழுகு உருகிப் போய்விடும். அந்த இடத்தில் அடைக்கும் பிளாஸ்டிக் இறுகும். அப்புறம் கடவுளே வந்து கெஞ்சினாலும் நகராது.

முப்பத்தெட்டு வருஷமாக, யாருக்குக் கட்டினாலும் அவர் விரல்கள் அந்தச் சந்தை விட்டுவிடும். வேண்டுமென்று செய்ததில்லை. சிரிப்பென்றால் அப்படித்தான் இருக்கும் என்று விரல்கள் நம்பிவிட்டன. பத்தொன்பது வயதில் ராஜாளி படம் பார்த்துவிட்டு வந்து, தன் முன்பற்களையே அரத்தால் ராவிக்கொண்ட ஆள். [நான் மிகைப்படுத்தாத ஒரே இடம் இது.]

இப்போது ஈறு தளர்ந்து அவருடைய மேல்வரிசையும் போய்விட்டது. தனக்கே பல் கட்டும் நாள். ஐந்து மணிக்குக் கொதிநீர்.

மதியம், போனில் ராஜாளியின் பேட்டி ஓடியது. "அந்தச் சந்தா? அது என்னோடது இல்லீங்க. மேக்கப்காரர் மாட்டிவிட்ட உறை. ஷூட்டிங் முடிஞ்சா கழட்டி டப்பாவுல போட்டுடுவேன்" என்று சொல்லிச் சிரித்தார் கிழவர். வரிசைப் பல், சந்தே இல்லை.

பல்செட்காரர் பேட்டியைப் பின்னுக்கு நகர்த்தி அந்த வரிசையை இன்னொரு முறை பார்த்தார்.

4

மெழுகிலிருந்த முன்பற்களை நெருக்கிச் சந்தை அடைத்தார். வாயில் மாட்டினார். கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார்.

டீயோடு வந்த மனைவி வாசலிலேயே நின்றாள். "யாருங்க நீங்க? எங்க வீட்டுக்காரர் வெளில போயிருக்காரு" என்று கேலி செய்தாள்.

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான்..." அவள் கேலி அதற்குமேல் நகரவில்லை. டம்ளரை வாசலிலேயே வைத்தாள். "கழட்டுங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"நீ என்கிட்ட எதைப் பாத்து சரின்னே?"

"அந்தச் சிரிப்பத்தான். வேற என்ன இருந்துச்சு உங்ககிட்ட?"

அவர் சந்தைத் திரும்பத் திறந்தார். கண்ணாடியில், டப்பாவில் கிடக்க வேண்டிய ஓர் உறை சிரித்தது.

5

பத்தொன்பது வயதுக்கு முன் அவரை எடுத்த புகைப்படம் ஒன்றுகூட இல்லை. சாட்சி ஒருத்திதான். அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, சின்ன வயசுல நான் எப்படிச் சிரிப்பேன்?"

"வயசான காலத்துல கேக்கற கேள்வியாடா இது?"

"சொல்லுக்கா. அவசரம்."

 அவள் குரல் தணிந்தது. "நீ சிரிச்சு நான் பாத்ததே இல்லடா. அப்பா அடிக்கிறப்ப அழவும் மாட்டே. மரக்கட்டை மாதிரி நிப்பே. அந்த ராஜாளி படம் பாத்துட்டு வந்தே பாரு, அன்னைக்குத்தான் வீட்டுல உன் பல்லையே பாத்தோம்."

போனை வைத்தார். சந்துக்குப் பின்னால் தேடினால் தன் சிரிப்பு இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தார். பின்னால் ஒரு மரக்கட்டைதான் நின்றது.

6

சந்தை அடைத்தால், அவர் மனைவி நாளையிலிருந்து ஓர் அந்நியருக்கு டீ கொண்டுவர வேண்டும். திறந்து வைத்தால், சாகும்வரை, இல்லாத ஒருவருடைய சிரிப்பு. அடுப்பு அணைந்துபோனது என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம் என்று... [கோழை. நான்தான்.]

எழுதும்போது ஒரு தப்பு செய்தேன். எழுந்துபோய்க் கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். இந்தச் செட்டுக்கு முன்னால் நான் எப்படிச் சிரித்தேன்? மனைவியைக் கேட்கலாம். அடுத்த அறையில்தான் இருக்கிறாள். கேட்கவில்லை.

ஐந்துக்கு ஆறு நிமிடம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. அவர் மெழுகைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன். மெழுகு இன்னும் இளக்கமாகத்தான் இருக்கிறது; அடைக்கவோ திறக்கவோ விரலால் லேசாக அழுத்தினால் போதும். இந்தாருங்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

அழுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை சிரியுங்கள். அது யாருடையது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.