முந்தானையில் இருபத்து நான்கு ரூபாய்

கல்யாணமான இருபதாம் நாள், ஓடுகிற பஸ்ஸில், நாற்பது பேர் பார்க்க, என் கணவர் ஜெபமாலை என் முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. சிரிப்பும் அடங்கவில்லை.

எல்லாம் என் மாமியார் வியாகுலமேரியின் வேலை. புதுக்கோட்டை ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் இருபத்திரண்டு ரூபாய் கட்டாவிட்டால் அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும். "கல்யாணமாகி வந்தவளுக்குப் படிப்பு என்னத்துக்கு" என்று நான் வந்த நாளிலிருந்து முணுமுணுத்த மாமியார்தான் வெள்ளாட்டை விற்றுப் பணம் கொடுத்தார். கட்டணம், போகவர பஸ் செலவு, ஆக இருபத்து நான்கு ரூபாய்.

மகனுடைய சட்டைப்பையை அவர் நம்பவில்லை. போன வருடம் ஆவூர்த் தேர்த் திருவிழாவில் அந்தப் பையிலிருந்ததை எவனோ அடித்துக்கொண்டு போயிருந்தான். அதனால் நோட்டுகளை வாழைச்சருகில் சுருட்டி, என் முந்தானையில் வைத்து, துணியை நனைத்து, முடிச்சுக்குமேல் முடிச்சாக நான்கு போட்டு இறுக்கினார்.

"எந்தத் திருடனும் அவுக்க முடியாது," என்றார்.

திருடன் மட்டுமா? வெயிலில் பஸ்ஸுக்குக் காத்து நின்றதில் துணி காய்ந்து முடிச்சு கல்லாகிவிட்டது.

"ஆளுக்கு எட்டணா. டிக்கெட் எடுங்க," என்று வந்து நின்றார் கண்டக்டர் நாகராசு.

"காசு இருக்குங்க. இதுக்குள்ள இருக்கு," என்று முடிச்சைக் காட்டினேன்.

"இந்த மாதிரி எத்தனையோ பாத்துட்டேன். அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கங்க."

அடுத்த பஸ் மூன்று மணிக்கு. எனக்குக் கோபம் வந்தது.

"எறங்க மாட்டேன். மூணு மணிக்கு மேல நான் அங்கிட்டுப் போயி என்ன செய்யிறது? வேணும்னா நீங்களே அவுத்து எடுத்துக்கங்க."

அவர் நகத்தால் நெம்பிப் பார்த்தார். நகம் உடைந்தது. அதற்குப் பிறகு அது அவருடைய மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

"இங்கிட்டுக் குடுங்க. மாட்டுக் கயித்துல நான் பாக்காத முடிச்சா?" என்றார் பின் சீட்டிலிருந்த ஆண்டிச்சாமி என்ற விவசாயி. முந்தானை அவரிடம் போனது. முந்தானையோடு சேலையும், சேலைக்குள் நானும் அந்தப் பக்கம் சாய்ந்தோம். பக்கத்திலிருந்த செங்கமலம் என்ற அம்மாள் பாக்குவெட்டியை நீட்டினாள். "நறுக்கிருவோம் ஆத்தா." ஜெபமாலை பாய்ந்து தடுத்தார். "நோட்டும் சேந்து துண்டாயிரும்ங்க."

ஆளாளுக்கு இழுத்தார்கள். ஆளாளுக்கு என் மாமியாரைத் திட்டினார்கள். மனதுக்குள் நானும் திட்டினேன். நாகராசு விசில் ஊத மறந்ததில் இரண்டு பேர் தங்கள் ஊரைத் தாண்டி வந்துவிட்டார்கள். "பரவால்ல, அவுக்கிறதப் பாத்துட்டே எறங்குறோம்," என்றார்கள். அதற்குமேல் என்னால் முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்தேன். பஸ்ஸே சிரித்தது.

முடிச்சு மட்டும் அசையவில்லை.

புதுக்கோட்டையில் இறங்கியபோது பன்னிரண்டுக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. "ஒரு ரூவா வராம ஒங்கள விடமாட்டேன்," என்று நாகராசு கூடவே வந்தார். அவருக்காவது காரணம் இருந்தது. ஆண்டிச்சாமியும் செங்கமலமும் சும்மாவே வந்தார்கள். முந்தானை நுனியை ஜெபமாலை ஏந்திக்கொள்ள, அத்தனை பேரும் கடைத்தெரு வழியாக ஓடினோம்.

பள்ளி ஆபீஸில் கிளார்க் பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தார்.

"பணம்?"

முந்தானையை மேசைமேல் வைத்தேன். கிளார்க் அதைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். காசைக் கையில் வைத்துக்கொண்டே இடத்தைக் கோட்டைவிடப் போகிறேன் என்று நினைத்தேன். அவர் காகிதக் கட்டுகளைத் தைக்கிற பெரிய ஊசியை எடுத்து முதல் முடிச்சில் குத்தினார். அது நெகிழ்ந்தது. இரண்டாவதில் ஊசி வழுக்கி அவர் விரலில் ஏறியது. ஆனாலும் விடவில்லை. நான்காவது முடிச்சு அவிழும்போது மணி பன்னிரண்டு அடித்துக்கொண்டிருந்தது.

"முன்னாடியே அவுந்துருச்சு சார். நான் சாட்சி," என்றார் நாகராசு.

கிளார்க் சிரித்துவிட்டார். சருகைப் பிரித்து இருபத்திரண்டு ரூபாயை எண்ணி எடுத்துக்கொண்டார். நாகராசு தன் ஒரு ரூபாயை வாங்கிக்கொண்டு இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பதிவேட்டில் என் பெயர் ஏறியது: சந்தனமேரி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ரசீதுக்குச் சொல்லும்மா. பணம் கட்டுறது யாரு, வீட்டுக்காரரா?"

ஜெபமாலை வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"எங்க அத்தை. வியாகுலமேரின்னு எழுதுங்க சார்."

"அவங்க வரலையே?"

"வரல சார். இவ்வளவு நேரம் நீங்க மல்லுக்கட்டுனது அவங்களோடதான்."

கிளார்க் குத்துப்பட்ட விரலை ஊதிக்கொண்டே அந்தப் பெயரை எழுதினார்.